மாஸ்க் போட்டுத் தூங்கும் வீடு: பேரன் முதல் தாத்தா வரை சிபேப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோய்க்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சிபேப் மெஷின்கள் எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. அப்பாவுக்கு 77 வயது, எனக்கு 52, அக்கா மகனுக்கு 10. மூன்று பேரும் இரவில் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறோம். இது வெளியே தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர்கள் என்று யாராவது ஒருவர் கேள்வியோடு வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது, பரணில். வாங்கி ஒரு மாதம் போராடிவிட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். அதைக் கீழே இறக்க வைக்க வேண்டும் என்பதுதான் இதை எழுதும் காரணம்.

நான் மருத்துவர் இல்லை. பிரஷரைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. ஒரே வீட்டில் மூன்று வெவ்வேறு வயதில் இந்த மெஷினோடு வாழ்ந்து கற்றதையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வைக்கிறேன்.

ஸ்லீப் ஆப்னியா என்றால் குறட்டைதானே? குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்பார்களே?

அந்த நம்பிக்கையால்தான் அப்பா இருபது வருடத்தை இழந்தார். தூங்கும்போது கை கால் தளர்வதுபோல் தொண்டைத் தசையும் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்கிவிடும். குறுகிய பாதையில் காற்று போனால் வரும் சத்தம் குறட்டை. பாதை முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பிவிடும். ஒரு பெரிய மூச்சு, புரண்டு படுப்பது, திரும்பக் குறட்டை. தூங்குகிறவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அந்த நிசப்தம் தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் மனைவியை அல்லது கணவரைக் கேட்கிறார்கள்.

பெரியவர்களுக்கு 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒன்று என்று எண்ணுவார்கள். முழுக்க நின்றது, கணிசமாகக் குறைந்தது எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக எத்தனை என்பதை ஏ.எச்.ஐ. என்பார்கள். 5க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. என்னுடையது 34. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை.

குழந்தைகளின் கணக்கே வேறு. அவர்களுக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 10ஐத் தாண்டினால் கடுமை. பெரியவர்களின் அளவை வைத்துக் குழந்தையின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு “நாலுதான் இருக்கு, ஒன்றுமில்லை” என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அது தவறு.

சிபேப் என்பது ஆக்ஸிஜன் மெஷினா?

இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் உள்ளே இழுத்து, ஃபில்டரில் விட்டு, கொஞ்சம் அழுத்தத்தோடு குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்ததுபோல் நின்று பாதையைத் திறந்து வைக்கிறது. நுரையீரலுக்காக மூச்சு விடுவது மெஷின் இல்லை, நாம்தான்.

அழுத்தம் எவ்வளவு என்று பயப்பட வேண்டாம். வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள்தான் இருக்கும். ஒரு உயரமான டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வர எவ்வளவு ஊத வேண்டுமோ, அதுதான் 10.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன். 1980ல் சிட்னியில் செய்து பார்த்து, 1981ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தே பேர். அதற்கு முன் கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் உறுதியான வழியாக இருந்தது. மாஸ்க் மாட்டச் சலிப்பாக இருக்கும் இரவுகளில் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

நோய் இருப்பதை எப்படி உறுதி செய்வது? கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கிறது, அது போதுமா?

போதாது. சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். ஸ்லீப் ஸ்டடி என்ற இரவுப் பரிசோதனை வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் செய்தால் மூளை அலை, கண் அசைவு, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். வேறு பெரிய நோய் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய கருவியும் உண்டு. குழந்தைகளுக்கு மருத்துவமனையில் செய்வதே நல்லது, அம்மாவோ அப்பாவோ பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம்.

நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ தொடங்குங்கள். பரிசோதனை இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மூச்சு நிற்பது தொண்டை அடைப்பால் மட்டும் அல்ல, மூளையிலிருந்து உத்தரவு வராததாலும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. இதயம் பலவீனமானவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2015ல் வெளியான ஓர் ஆய்வில், இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, மூளைவழி ஆப்னியாவும் இருந்தவர்களுக்கு ஏ.எஸ்.வி. என்ற வேறு வகை மெஷினைக் கொடுத்தபோது இறப்பு கூடியது. அது சிபேப் இல்லை. ஆனாலும் எந்த மெஷின் யாருக்கு என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஆறு வயதுக் குழந்தை குறட்டை விடுகிறான். உடனே சிபேப் வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இங்கேதான் வயது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்குச் சிபேப் முதல் சிகிச்சை. வேறு நோயில்லாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும். இரண்டு முதல் எட்டு வயதுக்குள் தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் அவை ரொம்பப் பெரிதாக இருக்கும். எடுத்துவிட்டால் பலருக்கு மூச்சு சரியாகிவிடும்.

அவசரப்பட்டு எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பாகியிருந்தது. காத்திருந்து பார்த்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே இயல்பாகியிருந்தது. ஆகவே லேசாக இருந்தால் மருத்துவர் “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்பதில் தவறில்லை. மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தும் பார்ப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை: வாயைத் திறந்தே தூங்குவது, கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு தூங்குவது, தலையணை நனையும் அளவு வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, எடை ஏறாமல் இருப்பது. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகளோ துறுதுறுவென்று ஓடி, கவனம் நிற்காமல், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார்கள். வகுப்பில் “அடங்காத பிள்ளை” என்று பெயர் வாங்கிய சிலரை இப்போது நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அவர்களின் அம்மாவிடம் நான் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அப்படியென்றால் எந்தக் குழந்தைகளுக்குச் சிபேப் தேவை?

டான்சில், அடினாய்டு எடுத்த பிறகும் மூச்சு நிற்பவர்கள், அறுவை செய்ய முடியாதவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள், தாடை சிறிதாகப் பிறந்தவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள். அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அந்தக் குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறிதாக இருக்கும், நாக்குக்கு இடம் போதாது, தசையும் தளர்வு. அவர்களில் ஆப்னியா மிகவும் அதிகம் என்பதால், வெளியே அறிகுறி தெரிகிறதோ இல்லையோ 4 வயதுக்குள் ஒரு தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. எங்களுக்கு அது தெரியவந்தது அவனுக்கு 7 வயதில். டவுன் சிண்ட்ரோம் குழந்தை உள்ள வீட்டில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேளுங்கள்.

குழந்தை மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறான். என்ன செய்வது?

எங்கள் அனுபவத்தில், தூங்கும் நேரத்தில் தொடங்கினால் தோல்விதான். பகலில் தொடங்குங்கள். முதல் வாரம் மாஸ்க் ஒரு பொம்மை மட்டும். அக்கா மகன் அதைத் தன் கரடிக்கு மாட்டினான், எனக்கு மாட்டினான், தாத்தாவுக்கு மாட்டினான். அடுத்த வாரம் டிவி பார்க்கும்போது அவன் முகத்தில், பட்டை போடாமல், ஐந்து நிமிடம். அப்புறம் பட்டையோடு. அப்புறம் குழாயைச் சொருகி, குறைந்த காற்றோடு. பிறகுதான் கட்டில். ஆறு வாரம் ஆனது. நடுவில் ஒரு சளிக் காய்ச்சல் வந்து பழையபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, தூங்கியபின் திருட்டுத்தனமாக மாட்டுவதையே வழக்கமாக்காதீர்கள். முழித்துப் பார்த்து மிரண்டால் பிறகு கிட்டவே வரவிடமாட்டான். இரண்டு, தண்டனையாகவோ மிரட்டலாகவோ மாஸ்க்கைப் பேசாதீர்கள். “சேட்டை பண்ணினா மெஷின் மாட்டிடுவேன்” என்று பாட்டி ஒரே ஒரு நாள் சொன்னதைச் சரிசெய்ய எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது.

பெரியவர் மெஷினையே குழந்தைக்கும் போடலாமா?

கூடாது. வீட்டில் பயன்படுத்தும் பல மெஷின்கள் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கு என்றே தயாரிப்பாளர் குறித்திருப்பார். சின்னக் குழந்தையின் மெல்லிய மூச்சை அவை சரியாக உணராமல் போகலாம். தானாக அழுத்தம் மாற்றும் வகையும் சிறு குழந்தைக்கு உகந்ததல்ல. பரிசோதனைக் கூடத்தில் பார்த்து நிர்ணயித்த அழுத்தம்தான் வேண்டும். மாஸ்க்கும் குழந்தை அளவில் வேண்டும். ஒரு கடையில் பெரியவர்களின் சின்ன சைஸைக் கொடுத்து “பட்டையை இறுக்கிக்கோங்க” என்றார்கள். காலையில் பார்த்தால் மூக்குத் தண்டில் தோல் சிவந்து உரிந்திருந்தது. குழந்தை மாஸ்க்கைப் பிடுங்கி எறிவதற்கு அடம் மட்டும் காரணம் இல்லை, வலிக்கிறது என்பதும் காரணம்.

மாஸ்க் போட்டால் குழந்தையின் முக வளர்ச்சி பாதிக்கும் என்கிறார்களே?

இது உண்மையான கவலைதான், தட்டிக்கழிக்க மாட்டேன். எலும்பு வளர்கிற வயதில் வருடக்கணக்காக முகத்தின் நடுவில் அழுத்தம் இருந்தால், அந்தப் பகுதி முன்னோக்கி வளர்வது குறையலாம் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தினால் மூளைக்கும் இதயத்துக்கும் நஷ்டம். செய்யக்கூடியது: பட்டையை இறுக்காமல் சரியான அளவு மாஸ்க் போடுவது, இரண்டு வகை மாஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, சில மாதத்துக்கு ஒரு முறை அளவையும் முகத்தையும் பரிசோதிப்பது. ஆறு மாதத்தில் சட்டை சைஸ் மாறுகிற வயதில் மாஸ்க் சைஸ் மட்டும் மாறாமல் இருக்குமா?

வாந்தி வந்தால் தானே மாஸ்க்கைக் கழற்றத் தெரியாத குழந்தைக்கு, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முழு முக மாஸ்க் ஆபத்து. மருத்துவரே சொன்னாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சிபேப் வைத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

தத்துவம் ஒன்று, காரணம் வேறு. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சிறு பைகள் சுருங்கிவிடாமல் இருக்க இன்குபேட்டர் வார்டில் வைப்பது அது. நுரையீரல் தேறியதும் எடுத்துவிடுவார்கள்.

கல்லூரி விடுதியில் இருக்கும் 18 வயதுப் பையன் மெஷினைத் தொடவே மாட்டேன் என்கிறான்.

மூன்று வயதுகளிலும் கஷ்டமானது இதுதான் என்பேன். குழந்தையைப் பழக்கலாம், அப்பாவுக்குப் புரிய வைக்கலாம். இவனுக்கு வெட்கம். நாலு பேர் தங்கும் அறையில் முகத்தில் குழாய் மாட்டிக்கொண்டு படுக்க யாருக்குத்தான் மனசு வரும்? திட்டுவதற்கு முன் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

பயன்பட்டது எது என்று என் பழைய மாணவன் ஒருவன் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். மாஸ்க்கை அவனே தேர்ந்தெடுத்தான். மூக்குத்துளையில் மட்டும் உட்காரும் சின்ன வகை, முகத்தை மறைக்காது. மெஷினின் கணக்கைத் தன் போனிலேயே பார்த்துக்கொண்டான், அம்மா தினமும் கேட்பதை நிறுத்தினார். அறைத் தோழன் ஒருவனிடம் மட்டும் முதலில் சொன்னான். குறட்டை நின்றதில் அறையில் மற்ற மூவருக்கும்தான் முதல் நிம்மதி. இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு இரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுந்தால் எந்த மெஷினும் பகல் தூக்கத்தைப் போக்காது.

நான் ஒல்லிதான். எனக்கு எப்படி ஆப்னியா வரும்?

வரும். தாடை சிறிதாக, பின்தள்ளி இருந்தால் எடை குறைவாக இருந்தாலும் தொண்டை அடைக்கும். நம் ஆசிய முகவாகில் இது சகஜம். குண்டானவர்களின் நோய் என்று ஒதுக்காதீர்கள். 30 முதல் 69 வயதுக்குள் உலகில் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கலாம் என்று 2019ல் ஒரு மதிப்பீடு வந்தது.

பெண்களுக்கும் வருமா? கர்ப்பமாக இருக்கும்போது மெஷின் போடலாமா?

நான்தான் சாட்சி. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஹார்மோன் ஓரளவு காவல். நின்ற பிறகு அபாயம் ஏறும். ஆனால் பெண்கள் மருத்துவரிடம் “குறட்டை” என்று சொல்வதில்லை. “தூக்கமே வரலை, காலையில் தலைவலி, எதிலும் மனசு ஒட்டலை, உடம்பு அசதி” என்பார்கள். எனக்கு ரத்தச்சோகைக்கு மாத்திரை, மனச்சோர்வுக்கு மாத்திரை, தைராய்டு பரிசோதனை எல்லாம் முடிந்து கடைசியில்தான் தூக்கம் பரிசோதிக்கப்பட்டது. மூன்று வருடம் போனது. ஐம்பதை ஒட்டிய பெண்களே, “வயசு அப்படித்தான்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் சிபேப் பாதுகாப்பானது. ஆப்னியா இருப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் ரத்த அழுத்தச் சிக்கலும் சர்க்கரையும் அதிகம் காணப்படுகின்றன என்பதால், குறட்டை புதிதாகத் தொடங்கினால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை கூடக் கூட அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், யாரும் சொல்லித்தராத சில. மூக்குத்தி போட்டிருந்தால் மூக்கு மாஸ்க்கின் விளிம்பில் இடித்துக் காற்று கசியும். நான் தட்டையான சின்ன மூக்குத்திக்கு மாறினேன். கொண்டை போட்டால் பின்பட்டை வழுக்கும், தளர்வாகத் தாழப் பின்னிக்கொள்ளுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் முகத்துக்குக் க்ரீமும் போட்டுவிட்டு மாட்டினால் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெடும். முகம் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

முதல் மாதம் தாங்கவே முடியவில்லை. எல்லோருக்கும் அப்படித்தானா?

நிறையப் பேருக்கு. ஆனால் “எனக்கு ஒத்துவரலை” என்று முடிவு கட்டும் முன், எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் மெஷின் இல்லை, மாஸ்க். கண்ணில் காற்று அடித்தால் மேல் பக்கம் கசிகிறது. வாய் காய்ந்தால் வாய் வழியாகக் காற்று தப்பிக்கிறது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து. வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மூச்சு முட்டும் பயம் வந்தால், மெதுவாக ஏறும் வசதி மெஷினிலேயே இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது எல்லோரும் செய்யும் தப்பு. மாஸ்க்கின் விளிம்பில் இருக்கும் சிலிகான் மெத்தை நசுங்கி இன்னும் கசியும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது, தளர்த்தி முகத்திலிருந்து லேசாகத் தூக்கி உட்கார வையுங்கள்.

வாயில் டேப் ஒட்டும் பழக்கம் ஒன்று பரவுகிறது. வேண்டாம்.

இரவில் எத்தனை மணி நேரம் போட வேண்டும்? இதய நோய் வராமல் காக்குமா?

தூங்கும் நேரம் முழுக்க. நான்கு மணி நேரம் என்று ஓர் எண்ணைப் பலர் சொல்வார்கள். அது காப்பீட்டுக்காரர்களும் ஆய்வாளர்களும் வைத்த குறைந்தபட்ச அளவு, அத்தோடு போதும் என்று அர்த்தம் இல்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். ஆப்னியா பலருக்கு மோசமாவதும் அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றி வைத்தால் தேவையான நேரத்தில் மெஷின் இல்லை.

இதயத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, 45 முதல் 75 வயதுள்ள 2,717 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2016ல் வெளியானது. சிபேப் போட்டவர்களுக்கு அடுத்த மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் மேம்பட்டன. அவர்கள் மெஷின் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். அதிக நேரம் போட்டிருந்தால் வேறு மாதிரி வந்திருக்குமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆகவே மாரடைப்பே வராது என்று சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள். ஓட்டுகிற வண்டியில் கண் அசராமல் இருப்பதும், காலையில் தலைவலி இல்லாமல் எழுவதும், ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதும் எனக்குப் போதுமான காரணங்கள்.

எழுபதைத் தாண்டிய பெற்றோருக்கு இந்த வயதில் இது தேவையா?

“இத்தனை வருஷம் இல்லாத மெஷின் இப்ப எதுக்கு?” என்று அப்பாவும் கேட்டார். பிரிட்டனில் 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து நடந்து 2014ல் வெளியான ஆய்வில், சிபேப் போட்டவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது. முதியவர்கள் பழகமாட்டார்கள் என்பதும் சரியில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட விடாமல் போடுகிறவர் அப்பாதான்.

அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் நாங்கள் எதிர்பார்க்காதது. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவார். புராஸ்டேட் என்றே நினைத்திருந்தோம். தொண்டை அடைத்திருக்கும்போது மூச்சை இழுக்க முயன்றால் நெஞ்சுக்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி, இதயத்துக்கு அதிக ரத்தம் வந்து அதன் அறை விரியும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எண்ணி, நீரை வெளியேற்றச் சொல்லி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். மூச்சு சீரானதும் அது நின்றது. இப்போது ஒரு முறை எழுகிறார், சில நாள் அதுவும் இல்லை. இருட்டில் பாத்ரூம் போய் விழும் அபாயம் இந்த வயதில் எத்தனை பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வயதின் தடைகள் கையிலும் வாயிலும் இருக்கின்றன. மூட்டுவலிக் கையால் சின்னக் கொக்கியை மாட்ட முடியாது. பட்டையின் நீளத்தை ஒரு முறை சரிசெய்துவிட்டு, தொப்பி மாதிரி தலை வழியாகப் போட்டுக் கழற்றப் பழக்கினோம். பல்செட்டைக் கழற்றினால் கன்னம் ஒடுங்கி மாஸ்க் கசியும். எந்த நிலையில் தூங்குவாரோ அந்த நிலையில்தான் மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். முதியவர்களின் தோல் மெல்லியது, மூக்குத் தண்டில் புண் வராமல் தினமும் பாருங்கள்.

மறதி நோய் உள்ளவருக்கு?

லேசான மறதி உள்ளவர்கள் பழக முடியும், பக்கத்தில் ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டால். முற்றிய நிலையில் மாஸ்க் ஏன் இருக்கிறது என்று புரியாமல் மிரண்டால் கட்டாயப்படுத்தாதீர்கள், கையைக் கட்டாதீர்கள். அந்தக் கட்டத்தில் யாருக்காக இது என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நிறுத்துவது என்று முடிவானால் அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

பேஸ்மேக்கர் இருக்கிறது. பிரச்சினையா?

சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர், தலையில் சேரும் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் போன்றவை உள்ளவர்கள் அந்த வகையைத் தவிர்க்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக் கொக்கி உள்ள மாஸ்க் கேளுங்கள்.

கரண்ட் போனால் மூச்சு முட்டுமா? தண்ணீர், சுத்தம் எல்லாம் எப்படி?

முட்டாது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் உண்டு, முழு முக மாஸ்க்கில் அதற்கென்று வால்வே உண்டு. விழித்துக்கொள்வீர்கள், கழற்றிவிடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். காற்றை ஈரமாக்க மெஷினின் தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கும் வசதியை அணைத்தால் மின்சாரம் மிகக் குறைவாகவே இழுக்கும்.

அந்தத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் நல்லது. இல்லாத நாளில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் மூச்சுக்கு என்று தயாரித்ததல்ல, வேண்டாம். காலையில் மீதியைக் கொட்டிக் காய வையுங்கள். மாஸ்க் மெத்தையை தினமும் மென்மையான சோப்பில், குழாயை வாரம் ஒரு முறை. வெயிலில் போட்டால் சிலிகான் கெடும், நிழலில் உலர்த்துங்கள். பகலில் குழாயின் வாயை மூடி வையுங்கள், எறும்பு புகும்.

கொசுவர்த்தியும் ஊதுவத்தியும் எரியும் அறையில் மெஷின் ஓடினால், அந்தப் புகையை ஃபில்டரால் முழுக்கத் தடுக்க முடியாது. கொசுவலை கட்டுங்கள்.

எடை குறைந்தால் மெஷினை விட்டுவிடலாமா? வாழ்நாள் முழுக்க வேண்டுமா?

எடை குறைந்தால் ஆப்னியா குறையும், சிலருக்கு மறையும். ஆனால் உங்கள் எண்ணத்தில் முடிவு செய்யாமல், திரும்பப் பரிசோதனை செய்து பார்த்து முடிவு செய்யுங்கள். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு, உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ள பெரியவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. என்னைப்போல் தாடை காரணமாக வந்தவர்களுக்கு அது வழியில்லை. குழந்தைகள் வளர்ந்து தாடை பெரிதானபின் தேவை மாறலாம், அவர்களுக்கு மறுபரிசோதனை இன்னும் முக்கியம்.

பயன்படுத்திய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

புதிய மெஷின் பல ஆயிரம் ரூபாய், காப்பீட்டில் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதும் இல்லை, அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. எச்சரிக்கை ஒன்று. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பல லட்சம் மெஷின்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்துப் பழைய மெஷின் யாராவது கொடுத்தால் மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். அதைவிட ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. பல நகரங்களில் கொடுக்கிறார்கள். மாஸ்க் மட்டும் எப்போதும் புதிது.

வேறு ஓர் அறுவைக்கு மருத்துவமனையில் சேர்கிறோம். மெஷினை எடுத்துப் போக வேண்டுமா?

கட்டாயம். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே மயக்க மருத்துவரிடம் ஆப்னியா இருப்பதையும் உங்கள் அழுத்த எண்ணையும் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்தபோது மெஷின், மாஸ்க், பவர் கார்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு, மேலே அவர் பெயரையும் பிரஷர் எண்ணையும் மார்க்கரில் எழுதிக் கொண்டுபோனோம். அந்தப் பை இன்னும் அலமாரியில் தயாராக இருக்கிறது.